ஸ்ட்ராட் கிடார்ல ஃபர்ஸ்ட், செகண்ட் ஸ்ட்ரிங் கிர்ருங்குது, சனிக்கிழமை ப்ரோகிராம், யாராவது உதவுங்க

தூத்துக்குடி_லீட் | செவ்வாய், இரவு 11.52
வணக்கம். கிடார்ல ஃபர்ஸ்ட் ஸ்ட்ரிங் செகண்ட் ஸ்ட்ரிங் ரெண்டும் கிர்ருனு அடிக்குது, முன்னாடி லேசா இருந்துச்சு, புது ஸ்ட்ரிங் போட்டதுக்கப்புறம் ரொம்பத் தெரியுது. சனிக்கிழமை நைட் ரிசப்ஷன் ப்ரோகிராம், ஞாயிறு காலைல சர்ச், வேற கிடார் கெடைக்காது. நெக்குக்குள்ள ஓடுற ட்ரஸ் ராடுங்கிற இரும்புக் கம்பியைத் திருப்பினா சரியாயிரும்னு யூடியூப்ல சொல்றாங்க. எந்தப் பக்கம் திருப்பணும்னு மட்டும் சொல்லுங்க ப்ளீஸ்.

ஆறு_கம்பி | புதன், காலை 6.10
ப்ரோ இப்போதைக்கு எதையும் திருப்பாதீங்க. எந்த கிடார், ஸ்ட்ரிங் எந்த கேஜ் (தடிமன்), எந்த ஃப்ரெட்ல (நெக்ல குறுக்க பதிச்சிருக்கிற உலோகக் கம்பி) வருது, சும்மா ஓப்பனா தட்டினா வருதா இல்ல அழுத்தினா மட்டுமா? அப்புறம் ஆம்ப்ல கேக்குதா இல்ல ப்ளக் போடாம வீட்ல வாசிக்கும்போது மட்டுமா? ஆம்ப்ல கேக்கலன்னா சனிக்கிழமைக்குப் பயமே வேண்டாம், ட்ரம்ஸ் சத்தத்துல யாருக்கும் தெரியாது.

ஈரக்காத்து | புதன், காலை 7.35
தூத்துக்குடின்னு பேர்லயே இருக்கே, கடல் காத்துதான் காரணம். ஈரம் ஏறி நெக் வளைஞ்சிருக்கும். எங்க ஊர்லயும் மழை ஆரம்பிச்சா எல்லா கிடாரும் இப்படித்தான். சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலஞ்சு கேஸுக்குள்ள போட்டு ரெண்டு நாள் மூடி வைங்க.

கேஜ்_பத்து | புதன், காலை 8.02
ஸ்ட்ரிங் மாத்தினேன்னு சொல்றார்ல, அதுலதான் விஷயம் இருக்கு. முன்னாடி 10 போட்டிருந்து இப்ப 9 போட்டிருந்தா இழுவை குறையும், நெக் பின்னாடி போயிரும், உடனே கிர்ர். மறுபடி 10 போடுங்க சரியாயிரும். 9 கேஜே மேடைக்கு ஆகாதுங்கிறது என் கருத்து.

பழைய_வால்வு | புதன், காலை 9.40
இந்தக் கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு, தேடிப் பாக்குற பழக்கம் யாருக்கும் இல்ல. சிலிக்கா ஜெல் சொன்ன நண்பருக்கு: ஈரம் ஏறினா பெரும்பாலும் நெக்ல வளைவு கூடும், கூடினா ஸ்ட்ரிங் ஃப்ரெட்டை விட்டுத் தள்ளிப் போகும், அதுல கிர்ர் குறையணுமே தவிர கூடாது. நீங்க சொல்றது தலைகீழா இருக்கு.

கேட்டவருக்கு: அளக்காம ட்ரஸ் ராடைத் தொடக்கூடாது. 1ம் ஃப்ரெட்ல கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்கிப் பிடிக்கிற கிளிப்) போடுங்க, கடைசி ஃப்ரெட்டை விரலால அழுத்துங்க, 7, 8ம் ஃப்ரெட் பக்கத்துல ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல இடைவெளி சுமார் 0.25 மிமீ இருக்கணும். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் கூட இல்லாம இத்தனை வருஷம் எப்படி வாசிச்சீங்கன்னு தெரியல.

ஆறு_கம்பி | புதன், காலை 9.58
அண்ணே அவர் அவசரத்துல கேட்டிருக்கார், கொஞ்சம் பொறுமையா சொல்லலாம். லீட் ப்ரோ, ஃபீலர் கேஜுக்கு அலைய வேண்டாம், டூ வீலர் மெக்கானிக் டாப்பெட் செட் பண்றதுக்கு வச்சிருப்பார், அதேதான், அஞ்சு நிமிஷம் கேட்டு வாங்குங்க.

தூத்துக்குடி_லீட் | புதன், மதியம் 1.20
சாரி வேலைல இருந்தேன். மெக்சிகோ ஸ்ட்ராட், ரோஸ்வுட் போர்டு, எப்பவும் 10 கேஜ்தான், இப்பவும் அதே. ஓப்பன்ல வரல. 1, 2, 3 ஃப்ரெட்ல அழுத்தினா வருது, ஆம்ப்லயும் கேக்குது, ஸ்ட்ரிங் சத்தம் சீக்கிரம் செத்துப் போகுது. மேல போகப் போக நல்லா இருக்கு. ஃப்ரெட்ல ஸ்ட்ரிங் படுற இடத்துல சின்னப் பள்ளம் இருக்கு, அது எல்லா கிடார்லயும் இருக்கிறதுதானே.

இன்னொண்ணு, கை வைக்கிற இடத்துல பெயின்ட் போய் மரம் தெரியுது. இங்க ஒரு கடைல ஃப்ரெட் வேலைக்குக் குடுத்தா அதோட சேத்து முழுசா ரீபெயின்ட் பண்ணித் தர்றேன்னு சொல்றாங்க. பண்ணலாமா?

மரத்தூள் | புதன், மதியம் 2.45
தம்பி, நீங்க போற போக்குல கடைசியா சொன்ன அந்தப் பள்ளம்தான் முழு விஷயமும். இதை முதல்லயே சொல்லியிருந்தா ஈரம், கேஜ் எதுவும் பேச வேண்டியிருந்திருக்காது. நான் ரிப்பேர் டேபிள்ல உக்காந்து வேலை பாக்குறவ, சர்ச்ல வாசிக்கிறவங்க கிடார் வந்தா பாக்காமலே சொல்லிருவேன், 1லேர்ந்து 3 வரைக்கும் பள்ளம், மேல எல்லாம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும். ஜி, டி, சி, ஏ மைனர்னு ஓப்பன் கார்டு மணிக்கணக்கா அங்கதான விழுது, கேப்போ போட்டா இன்னும் அழுத்தம்.

ஏன் தேயுதுன்னா, ஃப்ரெட் கம்பிக்கு நிக்கல் சில்வர்னு பேர் இருந்தாலும் அதுல வெள்ளி கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம், உங்க பிளெயின் ஸ்ட்ரிங் ஸ்டீல். ஸ்டீல் கெட்டி, ஃப்ரெட் மெது. ஃபர்ஸ்ட் செகண்ட் ரெண்டும் ஒல்லி, சுத்துக் கம்பி இல்ல, ஸ்ட்ரிங்கைத் தள்ளி பெண்டு பண்றப்போ, ஆட்டி வைப்ரேட்டோ குடுக்குறப்போ அரம் மாதிரி அறுக்கும். பள்ளத்துல ஸ்ட்ரிங் இறங்கி உக்காந்துட்டா அடுத்த ஃப்ரெட் உயரமாத் தெரியும், அதுல இடிக்கும், அதான் கிர்ர். பழைய ஸ்ட்ரிங் மங்கலா இருந்ததுல உங்களுக்குக் கேக்கல, புது ஸ்ட்ரிங் பளிச்சுனு இருக்கவும் தெரிஞ்சிருச்சு. புது ஸ்ட்ரிங் மேல தப்பு இல்ல.

ஏடிஎம் கார்டு எடுங்க, செகண்ட் ஸ்ட்ரிங்கை ஒதுக்கிட்டு, கார்டோட நேர் ஓரத்தை அது படுற இடத்துல 1, 2, 3 ஃப்ரெட் மேல நீளவாக்குல வச்சுப் பாருங்க, எங்கெங்க அடியில வெளிச்சம் தெரியுதுன்னு சொல்லுங்க. பள்ளத்துல நகம் மாட்டுதா? ரெண்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் சொல்றேன். பெயின்ட்டைத் தொட வேண்டாம். அதைப் பத்தி அப்புறம்.

கேஜ்_பத்து | புதன், மதியம் 3.15
அக்கா சொல்றது சரிதான், ஆனா சனிக்கிழமைக்கு என்ன பண்றது? அந்த ரெண்டு ஸ்ட்ரிங்கோட சேடிலையும் (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்காருற துண்டு) ஏத்தினா போதும்ல?

பழைய_வால்வு | புதன், மாலை 4.05
போதாது. ஒன்னாவது ஃப்ரெட்ல அழுத்தும்போது ரெண்டாவது ஃப்ரெட் மேல கெடைக்கிற இடைவெளி சேடிலை ஏத்துறதால பெருசா மாறாது, சேடில் அந்தக் கோடில இருக்கு. சேடில் உயரம் 12ம் ஃப்ரெட்டுக்கு மேலதான் அதிகமாப் பேசும். கீழ் ஃப்ரெட்டுக்கு உதவுறது நெக் வளைவு. அளந்து பாத்து 0.25க்குக் கீழ இருந்தா ட்ரஸ் ராடை இடது பக்கம், அதாவது கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கம், கால் சுத்துக்குள்ள லூஸ் பண்ணலாம், அதுக்கு மேல போகக்கூடாது, ட்யூன் பண்ணிட்டு மறுபடி அளக்கணும். கால் சுத்துங்கிறது கால் சுத்துதான், முக்கால் இல்ல.

மரத்தூள் | புதன், மாலை 4.30
இதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. தற்காலிகம்தான், ஆனா ரெண்டு நாளுக்குத் தாங்கும். சரியான அளவு ஆலன் கீ போடுங்க, சுமாரா உக்காருற கீயை வச்சுத் திருகினா ட்ரஸ் ராடோட நட்டு உள்ள வட்டமாயிரும், அப்புறம் அதை எடுக்கறது பெரிய வேலை. சேடில்ல இருக்கிற பொடி ஸ்க்ரூவும் அப்படித்தான், கடற்கரை ஊர்ல துருப்பிடிச்சு இறுகியிருக்கும், துரு இளக்குற ஆயில் ஒரு சொட்டு விட்டு ராத்திரி பூரா விட்டுட்டு அப்புறம் தொடுங்க.

டெலி_பிரியன் | புதன், இரவு 8.20
ரீபெயின்ட் மட்டும் பண்ணிராதீங்க அண்ணாச்சி!! அந்தத் தேய்மானம் நீங்க வாசிச்ச வாசிப்பு. அயர்லாந்து கிடாரிஸ்ட் ரோரி காலஹரோட 1961 ஸ்ட்ராட்டைப் பாருங்க, 1963ல அங்க கார்க் ஊர்ல வாங்கினது, வியர்வைலயே சன்பர்ஸ்ட் பெயின்ட் பெரும்பகுதி போயிருச்சு. கடைசி வரைக்கும் அந்த மனுஷன் அப்படியேதான் வாசிச்சார். 2024ல லண்டன்ல ஏலம் போனப்போ கட்டணத்தோட சேத்து கிட்டத்தட்ட 8,90,000 பவுண்டு, இப்ப அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிருச்சு. அதுக்கு யாராவது புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா?

ஈரக்காத்து | புதன், இரவு 8.41
அது பெரிய ஆள் கிடார், நம்ம கிடாருக்கு யார் ஏலம் கேப்பா. மரம் தெரிஞ்சா வியர்வை உள்ள எறங்கும், கறுப்பாகும். பாதுகாப்புக்கு பெயின்ட் அடிக்கிறதுல என்ன தப்பு? அதுவும் கடல் ஊர்ல.

டெலி_பிரியன் | புதன், இரவு 8.55
பாதுகாப்புக்கு அந்த இடத்துல மட்டும் மெல்லிசா ஒரு சீலர் போதும். முழுசா தேய்ச்சு எடுத்துட்டு பெயின்ட் அடிச்சா விக்கிற விலையும் போகும், நெக் பாக்கெட்ல பெயின்ட் ஏறி நெக் சரியா உக்காராமலும் போகும். இதே தேய்மானத்தைக் கம்பெனியே காசு வாங்கிட்டுப் பண்ணித் தருது, ஃபெண்டர் காஸ்டம் ஷாப் 1995லயே ரெலிக் ஆரம்பிச்சாச்சு.

கேஜ்_பத்து | புதன், இரவு 9.10
ரெலிக் எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. கஷ்டப்பட்டு வாசிச்சு வர வேண்டியதை மெஷின் வச்சு உரசி வாங்குறாங்க.

டெலி_பிரியன் | புதன், இரவு 9.22
நீங்க ஒரு தடவை அந்த நெக்கைப் பிடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. போர்டு ஓரமெல்லாம் உருட்டி, பின்பக்கம் பிசுபிசுப்பில்லாம, முதல் நாளே பழகின கிடார் மாதிரி இருக்கும். பாக்குறதுக்காக மட்டும் வாங்குறாங்கன்னு சொல்றது நியாயமில்ல.

பழைய_வால்வு | புதன், இரவு 9.50
நைட்ரோ பூச்சும் பாலி பூச்சும் வேறங்கிற அடிப்படை தெரியாம ரெண்டு பேரும் பேசுறீங்க. ஐம்பது அறுபதுகள்ல வந்த நைட்ரோ லாக்கர் மெல்லிசு, கை பட்ட இடம் கரையும், குளிர் வெயில் மாறினா பொடிப்பொடியா விரிசல் ஓடும், மஞ்சளாகும். ஃபெண்டர் 1968 வாக்குல பாலியெஸ்டருக்கு மாற ஆரம்பிச்சது. பாலி தடிமன், கெட்டி, அது கரையாது, அடிபட்டாச் சில்லு சில்லாப் பேரும். இவர் கிடார் பெரும்பாலும் பாலி. அதனால காலஹர் கிடாரோட ஒப்பிடறது பொருந்தாது.

ஆறு_கம்பி | புதன், இரவு 10.05
பாலியும் தேயும் அண்ணே, என் கிடார்லயே முழங்கை படுற இடம் மெல்லிசாகி மரம் வந்திருக்கு. ரொம்ப நாள் எடுக்கும், அவ்ளோதான். அப்படித் தேயற அளவுக்கு இவர் வாசிச்சிருக்கார், அதை மதிக்கணும்.

புதுசு_ஆளு | புதன், இரவு 11.15
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கும் இதே மாதிரி, வால்யூம் திருப்பினா கரகரங்குது, ஜாக்ல ஒயரை ஆட்டினா சத்தம் கட் ஆகுது. டபிள்யூடி 40 அடிக்கலாமா?

மரத்தூள் | வியாழன், காலை 7.00
புதுசு, சாதா டபிள்யூடி 40 வேண்டாம்மா, எண்ணெய்ப் படலம் நின்னு தூசியைப் பிடிச்சு வைக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைல கான்டாக்ட் க்ளீனர்னு கேளுங்க, வால்யூம் குமிழுக்கு அடியில இருக்கிற பாட்ல சின்னத் துளை இருக்கும், அது வழியா அடிச்சிட்டு இருவது முப்பது தடவை முழுசாத் திருப்புங்க. ஜாக்ல வெளி நட்டு லூஸா இருக்கும், உள்ள ஒயர் முறுக்கிக்காமப் பிடிச்சுகிட்டு இறுக்குங்க, அப்பவும் கட் ஆச்சுன்னா உள்ள இருக்கிற நாக்கைக் கொஞ்சம் உள்பக்கம் வளைக்கணும். தனி இழை போடுங்க.

லீட் தம்பி, பெயின்ட் பேச்செல்லாம் இருக்கட்டும், கார்டு வச்சுப் பாத்தீங்களா?

தூத்துக்குடி_லீட் | வியாழன், மதியம் 1.05
பாத்தேன்க்கா. ரெண்டாவது ஃப்ரெட்ல நல்லா வெளிச்சம் வருது. மூணு ஃப்ரெட்லயும் நகம் மாட்டுது. 5க்கு மேல ஒண்ணும் இல்ல.

மரத்தூள் | வியாழன், மதியம் 3.30
அப்ப முடிவு தெளிவு. லெவலிங்னா எல்லா ஃப்ரெட்டையும் அந்த ஆழமான பள்ளத்தோட அடி வரைக்கும் இறக்கித்தான் ஆகணும். புது மீடியம் ஜம்போ ஃப்ரெட் கம்பி சுமார் 1.1, 1.2 மிமீ உயரம். உங்க மூணு ஃப்ரெட்டுக்காக மேல இருக்கிற நல்ல ஃப்ரெட் பதினெட்டு பத்தொன்பதையும் அராவ எனக்கு மனசு வராது. 1லேர்ந்து 4 இல்லன்னா 5 வரைக்கும் மட்டும் மாத்தச் சொல்லுங்க, அதே அளவு கம்பி போட்டு, பழசோட உயரத்துக்குக் கொண்டு வந்து, க்ரவுன் பண்ணி (மேல்பக்கத்தை உருட்டி), பாலிஷ். நெக் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்காருற நட்டையும் (ஸ்க்ரூ நட்டு இல்ல) பாக்கச் சொல்லுங்க, பழைய தேஞ்ச ஃப்ரெட்டுக்கு அதுல ஓடின பள்ளம் புது ஃப்ரெட்டுக்குத் தாழ்வா இருந்தா ஓப்பன் ஸ்ட்ரிங் கிர்ருங்கும், அப்ப நட்டு புதுசு போடணும்.

கடைக்காரர் ஃப்ரெட் பிடுங்குறப்போ சூடு காட்டித்தான் எடுக்கணும், இல்லன்னா ரோஸ்வுட் சில்லு பேரும். இதைக் கேட்டுப் பாருங்க, எப்படி எடுப்பீங்கன்னு. பதில் சொல்லத் தயங்கினா கிடாரைக் குடுக்காதீங்க. ரீபெயின்ட் இலவசம்னு ஆரம்பிக்கிற இடத்துல எனக்குக் கொஞ்சம் யோசனைதான்.

தள்ளிப் போடவும் வேண்டாம். எரிக் கிளாப்டனோட பிளாக்கிங்கிற ஸ்ட்ராட் நெக் தேஞ்சு போய்த்தான் 1985 வாக்குல ஓய்வுக்குப் போச்சு. பெயின்ட் போறது கிடாருக்கு ஒண்ணும் பண்ணாது, ஃப்ரெட் போறதுதான் வாசிப்பைக் கெடுக்கும். அது போனா புதுசு போட்டு மறுபடி வாசிக்கணும், அதுக்குத்தான் ஃப்ரெட்டைப் பிடுங்குற மாதிரி பண்ணியிருக்கு.

கேஜ்_பத்து | வியாழன், மாலை 5.10
ஸ்டெயின்லஸ் ஸ்டீல் ஃப்ரெட் போட்டா ஒரே வேலையா முடிஞ்சிரும்ல அக்கா?

மரத்தூள் | வியாழன், மாலை 5.40
அஞ்சு ஃப்ரெட் மட்டும் ஸ்டெயின்லஸ் போட்டா மேல மெது கீழ கெட்டின்னு பெண்டு பண்றப்போ கைக்கு வித்தியாசமாத் தெரியும். எல்லா ஃப்ரெட்டையும் மாத்துற முழு ரீஃப்ரெட்னா போடுங்க, நல்ல முடிவு, ரொம்ப நாள் வரும், ஆனா அரம் எல்லாம் தேயும், கூலி கூடும். நடுவுல ஈவோ கோல்டுனு ஒரு ஃப்ரெட் கம்பி இருக்கு, நிக்கல் சில்வரை விடக் கெட்டி, நிக்கலும் கிடையாது.

பழைய_வால்வு | வியாழன், இரவு 9.30
ஸ்டெயின்லஸ் சத்தம் கூசும்.

ஆறு_கம்பி | வியாழன், இரவு 9.34
கண்ணை மூடிட்டுக் கேட்டா யாராலயும் சொல்ல முடியாது அண்ணே.

பழைய_வால்வு | வியாழன், இரவு 9.41
என்னால முடியும். இதுக்கு மேல இந்த இழைல பேச எதுவும் இல்ல.

தூத்துக்குடி_லீட் | திங்கள், இரவு 10.48
ப்ரோகிராம் நல்லா முடிஞ்சுது. மெக்கானிக் அண்ணன் கிட்ட கேஜ் வாங்கி அளந்தேன், 0.1 தான் இருந்துச்சு, கால் சுத்துக்கும் கம்மியா லூஸ் பண்ணேன், கிர்ர் பாதி போச்சு. இன்னைக்கு வேற ஆள் கிட்ட குடுத்துட்டேன், எப்படி எடுப்பீங்கன்னு கேட்டேன், சோல்டரிங் அயர்ன் வச்சு சூடு காட்டின்னார். பெயின்ட் வேண்டாம்னு சொல்லிட்டேன். அக்காவுக்கு ரொம்ப நன்றி.

டெலி_பிரியன் | திங்கள், இரவு 11.02
சூப்பர் அண்ணாச்சி. கிடார் வந்ததும் போட்டோ போடுங்க, அந்தக் கை வச்ச இடத்தையும் சேத்து.

கேஜ்_பத்து | புதன், காலை 8.15
என்ன கம்பி போட்டாங்க, நிக்கலா ஈவோவா? நட்டு மாத்தினாங்களா?