புதுப்பிப்பு: எங்கள் காவலாளிகளுக்குப் பயிற்சி கிடைத்தது

எங்கள் குடியிருப்பில் ஒருவர் மயங்கி விழுந்தபோது வாசல் காவலாளி என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் போன மாதம் எழுதியிருந்தேன். அவர் மேல் தப்பில்லை, யாரும் சொல்லித் தரவில்லை என்றும் சொல்லியிருந்தேன்.

நேற்று ஒருவழியாகப் பயிற்சி நடந்தது. முதலில் சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி. அதே அண்ணன்தான் முதல் ஆளாகப் பயிற்சிப் பொம்மைமுன் மண்டியிட்டார். நெஞ்சின் நடுவே உள்ளங்கை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமல் அழுத்த வேண்டும். இரண்டே நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. அதனால்தான் ஆள் மாற்றி ஆள் செய்யச் சொல்கிறார்கள்.

அப்புறம் தீயணைப்பான்: அதன் பாதுகாப்பு ஊசியை (பின்) இழுத்து, தீயின் அடிப்பகுதியில் அடிக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியும் வாக்கி-டாக்கியும் வந்தாயிற்று. இரவுப் பணியாளர்களுக்குத்தான் இன்னும் நடக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.