சம்பளம் எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான்

வெளிநாட்டு வேலைக்கான ஆஃபர் லெட்டர் வந்ததும் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். சம்பளத்தை ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்துச் சந்தோஷப்படுவோம், அப்புறம் உலகிலேயே விலைவாசி அதிகமுள்ள நகரங்கள் பட்டியலைத் தேடிப் பிடித்து வயிற்றில் புளியைக் கரைத்துக்கொள்வோம். இரண்டாலும் பெரிய பயன் இல்லை.

2023-இல் எகனாமிஸ்ட் குழுமத்தின் பட்டியலில் சிங்கப்பூரும் சூரிச்சும் சேர்ந்தே முதலிடத்தில் இருந்தன. ஆனால் இரண்டும் நம் பையில் கைவைக்கிற இடம் வேறு. சிங்கப்பூரில் கார்தான் ஆளை விழுங்கும். பத்து வருடம் கார் வைத்துக்கொள்வதற்கான உரிமைச் சான்றே ஏலத்தில் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டிப் போயிருக்கிறது, காரின் விலை தனி. எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலும் பஸ்ஸும் போதும் என்றால் அந்தச் செலவு உங்களுக்குக் கிடையாது. சூரிச்சில் அப்படி நழுவ முடியாது. குடியேறி மூன்று மாதத்துக்குள் மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும், மூன்றாவது மாதம் எடுத்தாலும் வந்த நாளிலிருந்தே பிரீமியம் கேட்பார்கள், வீட்டில் நாலு பேர் என்றால் நாலு பிரீமியம். சம்பளச் சீட்டில் இது பிடித்தமாக வராது என்பதால் புதிதாக வருபவர்கள் பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சிட்னி போகிறவர்களுக்கு: அங்கே வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். வாரம் 700 டாலர் என்றதும் நாலால் பெருக்கி மாதம் 2,800 என்று எழுதி வைத்துவிடாதீர்கள். வருடத்துக்கு 52 வாரம், ஆக மாதம் 3,033. வருடக் கடைசியில் பார்த்தால் ஒரு 2,800 முழுசாக உதைக்கும்.

ஹாங்காங்கில் நான் பட்டது வேறு. மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்க மாட்டார்கள், வரி விகிதமும் குறைவு, அதனால் முதல் வருடம் முழுக்கக் கை தாராளமாக இருந்தது. அப்புறம் நோட்டீஸ் வந்தது. தொகையைப் பார்த்ததும் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். பொறுமையாக இரண்டாவது முறை படித்த பிறகுதான் புரிந்தது: முடிந்த வருடத்துக்கான வரி ஒன்று, அடுத்த வருடத்துக்கு முன்கூட்டியே கட்டுகிற வரி இன்னொன்று, ஏறக்குறைய இரட்டிப்பு. சேமிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அவர்கள் பணம்! முதல் சம்பளத்திலிருந்தே ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, அதைத் தொடாமல் இருங்கள்.

லண்டனில் வாடகையோடு கவுன்சில் டாக்ஸையும் (உள்ளாட்சிக்குக் கட்டுகிற வீட்டு வரி) பொதுவாகக் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும், தனியாக இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் மத்திய வரி, மாநில வரி போக நகரத்துக்கும் வருமான வரி. வீடு தேடும்போது வருடச் சம்பளம் மாத வாடகையைப் போல 40 மடங்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், 3,000 டாலர் வீட்டுக்கு 1,20,000. வங்கியில் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் சில இடங்களில் அந்தக் கணக்கை விட்டு இறங்கி வருவதில்லை.

இன்னொன்று, முதல் சம்பளம் வருவதற்குள் வீட்டு முன்பணம் கொடுத்தாக வேண்டியிருக்கும். சுவிட்சர்லாந்தில் அது மூன்று மாத வாடகை வரை போகும். ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன்பே கம்பெனியில் அட்வான்ஸ் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். பல கம்பெனிகள் கேட்டால் கொடுக்கும், கேட்காதவரை வாயைத் திறக்காது.