பண்டாரவளை – அட்டன்: கோச்சியில் (ரயிலில்) ஒரே நாளில் போய் வரலாமா?

கேள்வி: அட்டனுக்குப் பக்கத்து டிக்கோயாவில் இருக்கும் பழைய கூட்டாளியைப் பார்க்க வேண்டும். காலையில் போய் இரவுக்குள் பண்டாரவளை திரும்ப வழி உண்டா?

பதில் 1: உண்டு. பதுளையிலிருந்து அதிகாலையில் கொழும்புக்கு இறங்கும் கோச்சியைப் பண்டாரவளையில் பிடியுங்கள். அட்டனுக்குச் சுமார் மூன்றரை மணித்தியாலம். திரும்ப, காலையில் கொழும்பில் கிளம்பி பிற்பகலில் அட்டனைத் தாண்டும் கோச்சி. அதைத் தவறவிட்டால் நுவரெலியா, வெலிமடை என்று பஸ் மாறி மாறித்தான் வர வேண்டும். அதனால் கூட்டாளி வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் முந்தியே கிளம்புங்கள். அட்டனில் மஸ்கெலியா, பொகவந்தலாவை பஸ் எதில் ஏறினாலும் டிக்கோயாவில் இறங்கலாம்.

பதில் 2: ஒற்றைத் தண்டவாளம் என்பதை மறக்க வேண்டாம். எதிர்க் கோச்சி பிந்தினால் உங்களுடையதும் ஸ்டேசனில் காத்துக் கிடக்கும். மழைக் காலத்தில் மண்சரிவும் சேரும். முதல்நாள் ஸ்டேசனுக்கு ஒரு போன் கோல் எடுத்து, ஓடுகிறதா, நேரம் மாறியதா என்று கேட்பது கட்டாயம்.

பதில் 3: டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், அட்டனில் இறங்கித்தான் பலரும் மலைக்குப் போவார்கள். போயா (பௌர்ணமி), சனி, ஞாயிறு நாட்களில் அட்டன் ஸ்டேசனில் கால் வைக்க இடமிராது. கிழமை நாளில் போங்கள். ரிசர்வ் கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பு டிக்கட்டை அன்றே கவுண்டரில் வாங்கலாம். சுவெட்டர் கட்டாயம்: வழியில் பட்டிப்பொல ஸ்டேசனுக்கு அருகே தண்டவாளம் 1,898 மீட்டர் உயரம் வரை ஏறும், காலைக் குளிர் எலும்பைக் குத்தும். அதைச் சுற்றிச் சுரங்கங்கள் அதிகம், மிதிபலகையில் நிற்கவே வேண்டாம்.