செல்ஃப் எடுக்கல, 'டக்'குனு ஒரு சத்தம் மட்டும்: பேட்டரியா, டெர்மினலா, மோட்டாரா?

சாலைமைந்தன்:
1.2 லிட்டர் பெட்ரோல் கார். 35 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) கொள்ளளவு பேட்டரி, மாத்தி மூணு மாசம்தான் ஆகுது. சாவியைத் திருப்பினா சில நேரம் 'டக்'குனு ஒரே சத்தம், டேஷ்போர்டு விளக்கெல்லாம் அணைஞ்சுபோகுது. பானெட்டைத் திறந்து நெகட்டிவ் ஒயரை லேசா ஆட்டினா உடனே ஸ்டார்ட் ஆகிடுது. ஒர்க்‌ஷாப்ல செல்ஃப் மோட்டாரை மாத்தணும்னு சொல்றாங்க. ஹாரன், ஹெட்லைட் எல்லாம் நல்லாவே வேலை செய்யுது. அப்போ பேட்டரி, ஒயர் பக்கம் தப்பு இருக்காதுதானே?

மின்வினைஞன்:
மோட்டாரை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஹாரன் அடிப்பதை வைத்து டெர்மினல் (பேட்டரி முனையில் ஒயர் இணையும் இடம்) சரி என்று முடிவு கட்ட முடியாது. ஹாரனுக்கு 5 ஆம்பியர் போதும்; செல்ஃப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும். ஒயர் நுனியிலுள்ள கிளாம்ப் பேட்டரி முனையைப் பிடிக்கும் இடத்தில் 0.02 ஓம் தடை இருந்தால் ஹாரனுக்கு 0.1 வோல்ட்தான் குறையும், தெரியவே தெரியாது. அதே தடையில் செல்ஃப் அடித்தால் 3 வோல்ட் போய்விடும். மோட்டாருக்குப் போய்ச் சேருவது ஒன்பதுக்கும் கீழேதான்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான், முதலில் சார்ஜ் போடுங்கள். அடுத்ததுதான் முக்கியம்: மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் ஈய முனை மேலேயே வையுங்கள், இன்னொன்றை அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல். வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்புதான் குற்றவாளி. இரண்டு முனையிலும் பாருங்கள். ஈய முனைகளுக்கு இடையில் அளந்தால், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. முழு சார்ஜிலும் இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

பன்னிரண்டு வோல்ட்:
விளக்கையும் கவனிங்க. செல்ஃப் அடிக்கும்போது விளக்கு செத்துப்போனா பேட்டரி இல்லேன்னா டெர்மினல். 'டக்'குனு சத்தம் வந்தும் விளக்கு பிரகாசமாவே இருந்தா, தப்பு அதைத் தாண்டி இருக்கு: இன்ஜினுக்கும் பாடிக்கும் போற எர்த் ஒயர், செல்ஃபுக்குப் போற தடிமனான கேபிள், சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்), மோட்டார். 'டகடகடக'ன்னு தொடர்ந்து அடிச்சா பெரும்பாலும் சார்ஜ் இல்லை. உங்க வண்டி சொல்றது முதல் வகை, அதுவும் ஆட்டினா சரியாகுதுன்னா டெர்மினல்தான்.

கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. பாசிட்டிவை முதல்ல கழட்டினா 10 நம்பர் ஸ்பேனர் பாடியில பட்டவுடனே ஷார்ட். மோதிரம், காப்பு கழட்டி வெச்சிடுங்க. பச்சையா, வெள்ளையா பூத்திருந்தா ஒரு டம்ளர் தண்ணியில ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைச்சு பழைய டூத்பிரஷால தேய்ங்க. செல் மூடிக்குள்ள ஒரு சொட்டுகூட இறங்கக் கூடாது. துடைச்சு காயவிட்டு, ஈய முனையையும் கிளாம்ப் உள்பக்கத்தையும் உப்புத்தாளால பளபளன்னு தேய்ங்க. வெளியே பாக்க சுத்தமா இருக்கிற கிளாம்புகூட உள்ளே கறுத்திருக்கும், கரண்டைத் தடுக்க அந்தக் கறுப்பே போதும். வாசலின் தடவுறது இறுக்கினதுக்கு அப்புறம், வெளிப்பக்கம் மட்டும்.

சாலைமைந்தன்:
அளந்து பாத்தேன். பாசிட்டிவ்ல 0.04. நெகட்டிவ்ல செல்ஃப் அடிக்கும்போது 2.8! சுத்தமா தேய்ச்சு இறுக்கியாச்சு, ஆனா கிளாம்ப் இன்னும் கையால சுத்துது. நட்டு அதுக்கு மேல போகல. ஒயர் துண்டு வெச்சு அடைச்சிடலாமா?

மின்வினைஞன்:
வேண்டவே வேண்டாம். கம்பியோ அலுமினியத் தாளோ அடைத்தால் இரண்டு மூன்று புள்ளிகளில்தான் தொடும்; அங்கே சூடேறி ஈயம் உருகும். கிளாம்பின் இரு வாயும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். முட்டினால் உங்கள் வண்டிக் கிளாம்ப் தடித்த முனைக்கானது, போட்டிருப்பது மெல்லிய முனை பேட்டரி. மெல்லிய வகையில் நெகட்டிவ் முனை 13 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும், தடித்ததில் கிட்டத்தட்ட 16. ஒரே அளவுப் பெட்டியில் இரண்டும் வரும். பேட்டரி மேல் அச்சிட்ட எண்ணின் கடைசியில் 'எஸ்' இருந்தால் தடித்தது. விற்ற கடையில் மாற்றித் தரச் சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் பேட்டரிக் கடையில் ஈய உறை கிடைக்கும். அதை முனையில் முழுசாக இறக்கி, கிளாம்பை மேலே வைத்து இறுக்குங்கள். சுத்தியலால் தட்டி இறக்க வேண்டாம், முனையின் அடி விரிசல் விடும். கையால் திருகினால் அசையாத அளவு இறுக்கினால் போதும்.

பன்னிரண்டு வோல்ட்:
மாட்டினதும் அதே முள் சோதனையைத் திரும்பப் பண்ணுங்க. வண்டி ஓடும்போது பேட்டரியில 13.8-லிருந்து 14.5 வரைக்கும் காட்டணும். சார்ஜ் ஏறுதான்னு பாக்க ஓடுற இன்ஜின்ல டெர்மினலைக் கழட்டுற ஆளு யாராச்சும் வந்தா தடுத்துடுங்க. அந்த நொடியில வோல்டேஜ் எகிறி இசியூவே (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போயிடலாம்.