புதுப்பிப்பு: ஹை இம்பிடன்ஸ் பஸ்பார் டிஃபரன்ஷியல், மெட்ரோசில் தேவையா?

பல ஃபீடர்கள் சேரும் பஸ்பாருக்குள் வரும் கரண்ட்டையும் வெளியேறும் கரண்ட்டையும் ஒப்பிட்டு, உள் ஃபால்ட்டில் மட்டும் ட்ரிப் செய்யும் பாதுகாப்பு இது. முந்தைய பதிவில் 1000/1 சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து ஸ்டெபிலிட்டி வோல்டேஜ், அதாவது வெளி ஃபால்ட்டில் ரிலே ட்ரிப் ஆகாமலிருக்கத் தேவையான வோல்டேஜ், கணக்கிட்டோம்: வெளி ஃபால்ட் 20 கிலோஆம்பியர், செகண்டரியில் 20 ஆம்பியர், சி.டி. ரெசிஸ்டன்ஸ் 4 ஓம், போக வர கேபிள் 1 ஓம். ஆக 100 வோல்ட். ஒரு சி.டி. முழுசாக சாச்சுரேட் ஆகி (கோர் காந்தத்தால் நிரம்பி) கரண்ட் தராமல் போனாலும் ரிலே குறுக்கே இதற்கு மேல் வராது. சி.டி. சாச்சுரேட் ஆகத் தொடங்கும் வோல்டேஜான நீ பாயிண்ட் (knee point) இதன் இருமடங்கு, குறைந்தது 200 வோல்ட். ரிலே செட்டிங் 0.1 ஆம்பியர் என்றால், ரிலேயோடு தொடரில் வரும் ஸ்டெபிலைசிங் ரெசிஸ்டர் ஏறத்தாழ 1000 ஓம்.

பலர் கேட்டது மெட்ரோசில் (வோல்டேஜ் ஏறினால் கரண்ட்டைத் தன் வழியே விட்டு அதை அடக்கும் ரெசிஸ்டர்) பற்றி. அதே 20 ஆம்பியர் உள் ஃபால்ட்டில் வந்தால், சாச்சுரேஷன் இல்லை என்று வைத்துக்கொண்டால் 1005 ஓமில் சுமார் 20,100 வோல்ட். நீ பாயிண்ட் 200-ஐ வைத்துப் பீக் கணக்கிட்டால், 2√(2×200×19,900), அதாவது சுமார் 5.6 கிலோவோல்ட். சி.டி. வயரிங் இன்சுலேஷனுக்கு வழக்கமான வரம்பு 3 கிலோவோல்ட். ஆகவே மெட்ரோசில் கட்டாயம் தேவை. இதில் சமரசமே வேண்டாம்.

சென்சிட்டிவிட்டியை, அதாவது எவ்வளவு சிறிய உள் ஃபால்ட்டில் ரிலே இயங்கும் என்பதை, மறக்காதீர்கள். 100 வோல்ட்டில் ஐந்து சி.டி.க்களும் தலா 15 மில்லிஆம்பியர் மேக்னடைசிங் கரண்ட், மெட்ரோசில் 5 மில்லிஆம்பியர் எடுத்தால், ரிலேயோடு சேர்த்து 0.18 ஆம்பியர், பிரைமரியில் 180 ஆம்பியர். ஃபீடர் கூடக் கூட இது ஏறும்.

சி.டி. லூப்பில் எர்த் ஒரே இடத்தில்தான். இன்சுலேஷன் டெஸ்டுக்குக் கழற்றிய எர்த் லிங்க்கைத் திரும்பப் போடாமல் விடுவது, அல்லது இரண்டாவது எர்த் ஒட்டிக்கொள்வது, இரண்டுமே ஆபத்து: இரண்டாவது எர்த் இருந்தால் வெளி ஃபால்ட்டில் பஸ் முழுவதும் ட்ரிப் ஆகலாம்.

ட்ரிப்புக்குப் பின் லாக்கவுட் ரிலேயின் (ட்ரிப்பைப் பூட்டி வைக்கும் ரிலே) காண்டாக்ட், எல்லா சி.டி.க்களும் சேரும் வயர்களான சி.டி. பஸ்ஸை ஷார்ட் செய்கிறதா என்றும் பாருங்கள். ரெசிஸ்டரும் மெட்ரோசிலும் குறுகிய நேரத்துக்கு மட்டுமே தாங்கும்.