டெர்ட் புரோமோட்டர் பிசிஆர்: சிறுநீர் மாதிரியில் உதவி தேவை

வணக்கம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்புகிறதா என்று சிறுநீர்ச் செல்களின் டிஎன்ஏவில் பார்க்கும் ஆய்வகத்தில் சென்னையில் யாராவது இருக்கிறீர்களா?

டெர்ட் (டெலோமரேஸ் நொதிக்கான மரபணு) புரோமோட்டரில், அதாவது அதை இயக்கும் முன்பகுதியில், சி228டி, சி250டி என்ற புற்றுநோய் மாற்றங்கள் வரும் இடத்தில் ஜி-சி (குவானின், சைட்டோசின் காரங்களின்) விகிதம் 80 சதவீதத்தை ஒட்டியது. பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் சாதாரண டாக் பாலிமரேஸ் நொதி பாதியில் நின்றுவிடுகிறது, ஜெல்லில் பட்டைக்குப் பதில் வெறும் இழுவல். இழை பிரிய உதவும் 5 சதவீத டிஎம்எஸ்ஓ, 1 மோலார் பீட்டெய்ன், 98 டிகிரியில் இழை பிரித்தல்: கட்டித் திசுவுக்கு இவை போதும். சிறுநீரில் டிஎன்ஏ துண்டு துண்டாக இருப்பதால் பெருக்கும் நீளம் 100 காரஇணைக்குள் வேண்டும். அந்த அளவில் வேலை செய்த பிரைமர் (பெருக்கலைத் தொடங்கும் குறுந்துண்டு) யாரிடம் உண்டு? 7-டீயாசா-டிஜிடிபி (ஜி காரத்துக்கு மாற்று மூலப்பொருள்) கலந்தவர்கள் விகிதத்தையும் சொல்லுங்கள்.

சேகரிப்பு முறை: காலையின் முதல் சிறுநீர் வேண்டாம், இரவெல்லாம் கிடந்த செல்கள் சிதைந்திருக்கும். 50 மி.லி.க்கு, டிஎன்ஏ சிதைவைத் தடுக்கும் 0.5 மோலார் ஈடிடிஏ 4 மி.லி. உடனே கலந்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து (மே மாத வெயிலில் ஆட்டோவில் வரும் மாதிரியை நம்ப முடியாது), 2,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, படிவைப் பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவுகிறோம்.

பெரிய தலைவலி, சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி என்ற நோயெதிர்ப்பு மருந்து ஏற்றியவர்களின் மாதிரி. வெள்ளையணுக்கள் குவிந்து, மாற்றமடைந்த டிஎன்ஏவின் பங்கு சாங்கர் வரிசை வாசிப்பு முறைக்கு எட்டாத அளவுக்குக் கரைந்துவிடுகிறது. மாதிரியை நுண்துளிகளாகப் பிரித்து எண்ணும் டிராப்லெட் டிஜிட்டல் பிசிஆர் ஒரு வழி. சிடி45 (வெள்ளையணுக்களின் மேற்பரப்புப் புரதம்) பற்றும் மணிகளால் வெள்ளையணுக்களை நீக்கியவர்களுக்குக் கட்டிச் செல்களும் சேர்ந்து போயினவா?

முதல் கட்டியில் டெர்ட் மாற்றம், எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணுவின் எஸ்249சி மாற்றம் இரண்டும் இருந்து, இப்போது டெர்ட் மட்டும் வந்தால், சிஸ்டோஸ்கோப்பியும் (சிறுநீர்ப்பைக்குள் கருவியால் பார்க்கும் சோதனை) சுத்தமாக இருந்தால், அறிக்கையில் எப்படி எழுதுகிறீர்கள்? பழைய கட்டியின் மிச்சமா, அதே உள்படலத்தில் முளைக்கும் வேறு கிளையா என்பதை இந்த இரண்டு குறிகளை மட்டும் வைத்துப் பிரிப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.