கல்யாண டிரெய்லர்: ஷாட் எல்லாம் அழகு, ஆனால் மனதில் ஒன்றும் நிற்கவில்லை

குடியாத்தம்_கேமரா எழுதியது:

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். மூன்று வருடமாகக் குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறேன். முன்பெல்லாம் முழு வீடியோ, ஒரு ஹைலைட்ஸ், அவ்வளவுதான் கேட்பார்கள். இப்போது அட்வான்ஸ் கொடுக்கும்போதே டிரெய்லர் உண்டா என்றுதான் முதல் கேள்வி, அதுவும் "தியேட்டர்ல பார்க்கிற மாதிரி வேணும்" என்கிறார்கள்.

போன வாரம் ஒன்று முடித்தேன், இரண்டரை நிமிடம். வேலூர் கோட்டை அகழி ஓரம் இருவரும் நடப்பது, ஏலகிரி வளைவுகளுக்கு மேலே டிரோன், மண்டபத்தில் மாலை மாற்றுவது முழுக்க நொடிக்கு 120 ஃபிரேமில் ஸ்லோ மோஷன், மேலும் கீழும் கறுப்புப் பட்டை, பின்னால் நெஞ்சை அடிக்கிற மாதிரி ஒரு மியூசிக். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு ஷாட்டும் அழகு, ஓடவிட்டால் நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது. பெண்ணின் அப்பா பார்த்துவிட்டு "நல்லா இருக்குப்பா" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று, மண்டபத்துக்குள் எடுத்த ஸ்லோ மோஷன் எல்லாவற்றிலும் வெளிச்சம் துடிக்கிறது, எடிட்டிங்கில் என்ன செய்தும் முழுதாகப் போகவில்லை. ஆவணியில் அடுத்த கல்யாணம். அதற்குள் எதை மாற்ற வேண்டும், சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி_எடிட்டர்:

தம்பி, முதலில் அந்தத் துடிப்பை முடித்துவிடுவோம், அது சுலபம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 120 ஃபிரேம் வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் அந்த ஏற்ற இறக்கத்தில் வேறு வேறு இடத்தில் மாட்டும், அதுதான் நீ பார்ப்பது. கேமரா மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC) என்று இருப்பதை பால் (PAL) என்று மாற்று, நொடிக்கு 25, 50, 100 ஃபிரேம் என்று வரும். 50 ஃபிரேம், ஷட்டர் 1/100 நொடி வைத்து எடுத்து, எடிட்டிங்கில் 25 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் பாதி வேகம் கிடைக்கும், கல்யாணத்துக்கு அது தாராளம். மேடையில் எல்இடி சுவர் இருந்தால் கணக்கு வேறு, முதல்நாள் சாயங்காலமே போய் ஒரு டெஸ்ட் ஷாட் எடுத்துப் பார்த்துவிடு.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியதில் சத்தம் என்று ஒன்றுமே இல்லை, கவனித்தாயா? அகழி, டிரோன், பட்டை, மியூசிக். அந்த வீட்டு மனிதர் ஒருவர் வாய் திறந்து பேசினாரா? நான் பதினோரு வருடமாக எடிட் செய்கிறேன், என் அனுபவத்தில் டிரெய்லரைத் தூக்குவது மண்டபத்துச் சத்தம்தான். யோசித்துப் பார், மேளம் சாதாரணமாக வாசித்துக்கொண்டிருக்கும், ஐயர் கையைத் தூக்கி "கெட்டி மேளம்" என்பார், அந்தக் கை மேலே போன நொடிக்கும் தவில் வெடிக்கிற நொடிக்கும் நடுவில் மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எந்த மியூசிக் கடையிலும் அது விற்காது. நீ அந்த இடத்தில் பின்னணி இசையைச் சுத்தமாக நிறுத்து, பெண்ணின் கண் மட்டும் இருக்கட்டும், படத்தைக் கறுப்பாக்கு, கறுப்பிலேயே தவில் விழட்டும். அங்கேயே டிரெய்லரை முடித்துவிடு. தாலி கட்டுவதைக் காட்டாதே, அது முழு வீடியோவில் வரட்டும்.

ஆனால் தவிலைப் பதிவு செய்வது லேசு இல்லை. கேமரா மேலே இருக்கிற மைக்கில் எடுத்தால் உடைந்துதான் வரும். தனியாக ஒரு ரெக்கார்டர் வாங்கு, மேளத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வை. விடியற்காலை அவர்கள் வந்து உட்கார்ந்ததும் தவில்காரர் அண்ணனிடம் போய், கெட்டி மேளம் எப்படி அடிப்பீர்களோ அப்படி ஒரு பத்து நொடி அடித்துக் காட்டுங்கள் என்று கேள். என்னிடம் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதை வைத்து ரெக்கார்டரில் ஒலி லெவலைக் குறைத்து வைத்துக்கொள். மாப்பிள்ளை சட்டையில் குத்துகிற சின்ன மைக் (லேப்பல் மைக்) வைக்கிறாய் என்றால் மாலை உரசும், அதனால் காலர் உள்பக்கம் பிளாஸ்திரி போட்டு ஒட்டு.

ராணிப்பேட்டை_பொண்ணு:

நான் வீடியோ எடுக்கிறவள் இல்லை, நான்கு வருடம் முன்பு கல்யாணம் ஆனவள். எங்களுக்கும் டிரெய்லர் செய்து கொடுத்தார்கள், எங்கள் பெயர் தங்க எழுத்தில் நெருப்புக்குள்ளிருந்து வரும், அதைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை. நாங்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது என் சித்தி பெண் போனில் எடுத்த ஏழு நொடி. மண்டப வாசலில் அப்பா சீர்வரிசைத் தட்டை விரலால் எண்ணிக்கொண்டே வருகிறார், "இருபத்தொண்ணு இருக்கணும், ஒண்ணு குறையுதே" என்கிறார், அப்படியே கேமரா திரும்பினால் அந்த இருபத்தோராவது தட்டு என் தம்பி மடியில், அவன் அதிலிருந்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான். அப்பா குரலில் அன்றைக்கு இருந்த பதற்றம் அப்படியே அதில் இருக்கிறது.

அந்த நேரத்தில் எங்கள் வீடியோக்காரர்கள் இரண்டு பேருமே மாடி அறையில் என் வளையலை ஸ்லோ மோஷனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி, ஒரு ஆளையாவது வாசலிலும் பந்தி பக்கமும் விடுங்கள்.

சத்துவாச்சாரி அண்ணா, தாலி கட்டுவதைக் காட்ட வேண்டாம் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் டிரெய்லரை மட்டும்தான் பார்க்கிறார்கள், அதில் தாலி இல்லை என்றால் பெரியவர்கள் மனசு சங்கடப்படும்.

சத்துவாச்சாரி_எடிட்டர்:

நியாயம்தான் அம்மா, பெரியவர்களை நான் யோசிக்கவில்லை. அப்படியென்றால் தவில் விழுந்தபிறகு ஒரே ஒரு ஷாட், பின்னாலிருந்து மூன்றாவது முடிச்சைப் போடுகிற நாத்தனார் விரல்கள், மேலே அட்சதை விழ விழ. தாலியும் வந்துவிடும், முகத்தை முழு வீடியோவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆற்காடு_டிரோன்:

சட்ட விஷயம் கொஞ்சம் சொல்கிறேன், பிறகு மாட்டிக்கொள்ளக் கூடாது. வேலூர் கோட்டை மத்திய தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிறது, கேமராவை ஆடாமல் பிடிக்கிற ஜிம்பல், டிரைபாட் என்று இறங்கிப் படம் எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமராவே கொண்டுபோக முடியாது, பெண் வீட்டார் ஆசைப்பட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2021 டிரோன் விதிப்படி 250 கிராமுக்கு மேல் இருக்கிற டிரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட்டால் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும், எங்கே பறக்கலாம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சினிமாப் பாட்டு. கல்யாணத்தில் பாட்டு போடுவதற்குக் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, பிரிவு 52. பலர் அதை வீடியோவுக்கும் சேர்த்து நினைத்துக்கொள்கிறார்கள். மண்டபத்தில் ஒலிக்கவிடுவது வேறு, அதே பாட்டை உங்கள் டிரெய்லரில் சேர்த்து யூடியூப்பில் ஏற்றுவது வேறு. எனக்கு ஒரு டிரெய்லர் முழுக்க ஊமையாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் முந்நூறு பேருக்கு லிங்க் அனுப்பிய பிறகு. அவர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல முடியாமல் தவித்தேன். உரிமம் வாங்கிய இசையைப் போடுங்கள், இல்லை அந்த மண்டபத்து நாதஸ்வரத்தையே அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

குடியாத்தம்_கேமரா:

எல்லாருக்கும் நன்றி. ராணிப்பேட்டை அக்கா எழுதியதைப் படித்ததும் போன வாரம் டிரெய்லர் முடித்த கல்யாணத்து மெமரி கார்டு பேக்அப்பை எடுத்துத் தேடினேன். நான் வேண்டாம் என்று ஒதுக்கிய ஃபுட்டேஜில் பெண்ணின் அப்பா இருக்கிறார். முகூர்த்தத்துக்கு முன்னால் தூணுக்குப் பின்னால் நின்று, கூரைப்புடவையில் வருகிற பெண்ணைப் பார்த்ததும் துண்டால் கண்ணாடியைத் துடைக்கிறார், போடுகிறார், மறுபடி கழற்றித் துடைக்கிறார். ஃபோகஸ் கொஞ்சம் போயிருக்கிறது என்று நான்தான் தூக்கிப் போட்டிருக்கிறேன். அதை வைத்து ஒன்றரை நிமிடத்தில் புதிதாக வெட்டிக்கொண்டிருக்கிறேன், காசு கேட்கப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

ஆவணிக் கல்யாணத்துப் பெண்ணின் பாட்டி இன்னும் தறியில் லுங்கி நெய்கிறார். அவரை வீட்டிலேயே பேசவைத்துப் பதிவு செய்யலாம் என்று கேட்டேன், வரச் சொல்லியிருக்கிறார்கள். தறிச் சத்தம் பேச்சோடு சேர்ந்து வரட்டுமா, இல்லை தறியை நிறுத்திவிட்டுப் பேச்சைத் தனியாக எடுக்கட்டுமா அண்ணா?

சத்துவாச்சாரி_எடிட்டர்:

இரண்டையும் தனித்தனியாக எடு. முதலில் தறி மட்டும் இரண்டு நிமிடம், பிறகு நிறுத்திவிட்டுப் பேச்சு. எடிட்டில் தறிச் சத்தத்தில் ஆரம்பித்து, அது அடங்கினதும் பாட்டி குரல். பெண்ணின் பெயரை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டுக் கூப்பிடச் சொல், அதைக் கட்டாயம் எடுத்துக்கொண்டு வா.